பின்பாதி நெட்டையிடம்

விரிப்பின் இரண்டு முனைகள் பொடிசின் கையில். மற்ற இரண்டும் நெட்டையின் கையில். ஓர் உதறு, ஓர் இழுப்பு, நீளவாக்கில் ஒரு மடிப்பு. அப்புறம் இருவரும் எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். அந்த ஒரு நொடியில், படிக்கிற காதல் கதையைப் பேசிவிடுவார்கள். "கையப் பிடிச்சானா?" "இன்னும் இல்ல." பின்வாங்கி அடுத்த விரிப்பு. லாட்ஜிலிருந்து ஒரு நாளைக்கு நாற்பது விரிப்பு வரும். கடைசி விரிப்பு மடிந்து முடிவதற்குள் ஒரு அத்தியாயம் பேசித் தீர்ந்திருக்கும்.

பொடிசு என் தங்கை மகள். வயது பதினாறு. நெட்டை அவளுடைய பள்ளித் தோழி. தங்கை லாட்ஜ் துணிகளை வெளுத்துக் கொடுக்கிறாள். மாலையில் நான் போய்த் தலையணை உறைகளுக்கு இஸ்திரி போடுவேன். மேசை அதே அறையில்தான். கைக்குத்தான் வேலை, காது சும்மாதான் இருக்கும்.

பொடிசு உட்கார்ந்து கதைப்புத்தகம் படித்து நான் பார்த்ததில்லை. தண்ணீர் டிரம்மில் சாய்ந்து, ஒரு காலால் மறு காலைத் தேய்த்தபடி நிற்பாள். நல்ல கட்டம் வந்தால் புத்தகத்தை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். ஒரு மிடறு விழுங்கியவள்போல மறுபடி திறப்பாள். "கதைதானே, படிக்கட்டும். குக்கர் விசில் காதுல விழமாட்டேங்குதே, அதுக்கு என்ன பண்றது" என்பது தங்கையின் குறை.

கதாநாயகர்களுக்கு அவளிடம் மதிப்பெண் உண்டு. தேறுவான், தேறமாட்டான், அவ்வளவுதான். பணக்காரன் பெரும்பாலும் தேறமாட்டான். "இவனுக்கு வேலவெட்டியே இல்லையா பெரியம்மா? எப்பப் பாத்தாலும் மழையில போய் நிக்கிறான்." அழகும் அவளுக்குப் பெரிதில்லை. கதையில் வரும் பெண்ணிடம் வேறு யாரும் கவனிக்காத ஒன்றை அவன் கவனிக்க வேண்டும். கவனித்தால் தேறிவிட்டான்.

பொடிசின் இடது மணிக்கட்டில் பிறை மாதிரி ஒரு தழும்பு, இஸ்திரிப் பெட்டி சுட்டது. பஸ்ஸில் அந்தக் கையால்தான் கம்பியைப் பிடிப்பாள். இரண்டு வருஷத்தில் ஒரே ஒருவர் அதைப் பற்றிக் கேட்டிருக்கிறார். கண்டக்டர். மருந்து போடச் சொன்னாராம். "அவருக்கு அம்பது வயசு இருக்கும் பெரியம்மா" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

புத்தகங்கள் பழைய புத்தகக் கடையிலிருந்து வருபவை. அட்டையில் பள்ளிப் பையை மாட்டிக்கொண்டு ஒரு பையனும் பெண்ணும் ஆளுக்கொரு திசையில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தோழிகள் இருவரும் சேர்ந்து வாங்குவார்கள். வாங்கிய பிறகு காத்திருக்கப் பொறுமை ஏது? என் தங்கையின் பிளேடை எடுத்து முதுகோடு சரிபாதியாக அறுத்துவிடுவார்கள். முன்பாதி பொடிசுக்கு, பின்பாதி நெட்டைக்கு. இரண்டு நாள் கழித்து மாற்றிக்கொள்வார்கள். இருவரும் முடித்ததும் கோணி ஊசியால் தைத்து அலமாரியில் சேர்ப்பார்கள்.

யார் என்னவென்று தெரியாமல் நடுவிலிருந்து படிப்பதில் நெட்டைக்குச் சங்கடமே இல்லை. "ஆரம்பத்துல ரெண்டும் சண்டைதான் போடும். எனக்கு நேரா விஷயத்துக்கு வரணும்." பொடிசுக்கு நேர்மாறு. "முன்பாதிதான் நல்லா இருக்கும். இன்னும் எதுவும் நடந்திருக்காதுல்ல."

ஒருமுறை மடிக்கிற மும்முரத்தில் ஒரு முன்பாதி விரிப்புக்குள் சிக்கி மடிந்து லாட்ஜுக்கே போய்விட்டது. மறுநாள் மேனேஜர் போன் செய்தார். துணியில் கறை என்பாரோ என்று தங்கை பயந்துகொண்டே எடுத்தாள். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டது ஒன்றுதான்: "மீதி எங்கம்மா?"

அப்புறம் மூன்று வாரம் நெட்டை வரவில்லை. முதல் நாள் தலைவலி, அப்புறம் டியூஷன். அதற்கப்புறம் காரணம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பக்கத்து வகுப்புப் பையன் ஒருவன் பள்ளி விட்டதும் அவளோடு பஸ் நிறுத்தம் வரை நடக்கிறான். போகிற போக்கில் அவளுடைய பையில் ஒரு பின்பாதியும் போய்விட்டது.

பொடிசிடம் இருந்த பாதி, "அவள் கதவைத் திறந்தபோது அவன்" என்பதோடு நின்றது. பிளேடு வாக்கியத்தையா பார்க்கும்? அதைப் படித்துப் படித்துக் கடைசிப் பக்கம் நைந்துபோனது.

"பெரியம்மா, அப்புறம் என்ன வரும்?"

"பால் பாக்கெட்டோட நின்னிருப்பான்."

அவள் சிரிக்கவில்லை. அப்படியும் இருக்கலாமோ என்று யோசித்தாள்.

விரிப்பின் ஒரு பக்கத்தைக் கொடியில் கிளிப் போட்டுத் தனியாக மடிக்கப் பழகினாள். முனைகள் ஒட்டவில்லை. லாட்ஜிலிருந்து புகார் வந்தது. தங்கை நெட்டையை ஒரு வார்த்தை திட்டப்போக, "அவள ஒண்ணும் சொல்லாதம்மா" என்று மட்டும் சொன்னாள்.

போன சனிக்கிழமை நெட்டை வந்தாள். புதுச் செருப்பு, கையில் அம்மாவின் போன். பின்பாதியை நீட்டினாள். அறுத்த முதுகில் பிசிறு அப்படியே இருந்தது.

"படிச்சியா?"

"எங்கடி. பத்துப் பக்கம்கூடப் போகல."

பொடிசு அதை வாங்கி, முதல் வரியைக்கூடப் பார்க்காமல், மடித்த விரிப்புகளின்மேல் வைத்தாள்.

"அவனும் நீயும் என்னடி பேசிக்குவீங்க?"

"பெருசா ஒண்ணும் இல்ல. சாப்டியாம்பான். கணக்கு முடிச்சியாம்பான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு நெட்டை தரையைப் பார்த்துச் சிரித்தாள். எங்களுக்காகச் சிரித்த சிரிப்பில்லை அது. நான் தலையணை உறையைத் திருப்பிப் போட்டேன். பொடிசு மட்டும் அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அலமாரியில் இருபது இருபத்தைந்து புத்தகம் தைத்து வைத்திருக்கிறாள். இப்படி ஒரு முகத்தை எதிலும் படித்திருக்கமாட்டாள் என்று தோன்றியது.

பிறகு பொடிசு மிகவும் மெதுவாகக் கேட்டாள்.

"அவன் பக்கத்துல நடந்து வர்றப்ப எப்படிடி இருக்கும்?"

நெட்டை நிமிர்ந்தாள். சொல்ல நினைத்தாள், உதடு பிரிந்ததை நான் பார்த்தேன். அதற்குள் கையிலிருந்த போன் அதிர்ந்தது. திருப்பிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. திரையிலிருந்து கண் எடுக்காமலே எழுந்து, செருப்பைக் காலால் துழாவி மாட்டி, தாழ்வான நிலைப்படியில் இடிக்காமல் பழகிய வாக்கில் தலையைக் குனிந்து வெளியே போய்விட்டாள்.