அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு நீலப் பை

என் மனைவி என்னை விட்டுவிட்டுப் போகப்போகிறாள் என்று ஒரு வாரம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். அதற்கு ஆதாரம், சமையலறையில் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த ஒரு நீலப் பை. பள்ளிப் பிள்ளைகள் முதுகில் மாட்டிக்கொள்கிற மாதிரிப் புதுப் பை. கரப்பான் மருந்து வைக்கக் குனிந்தபோது கண்ணில் பட்டது. உள்ளே ஒரு குடை, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு சீப்பு. ஓடிப்போகிறவள் குடையா எடுத்துக்கொண்டு போவாள் என்று புத்தியுள்ளவன் யோசித்திருப்பான். மழைக்காலம் பார்த்தல்லவா திட்டம் போட்டிருக்கிறாள் என்று நான் யோசித்தேன்.

மைசூரில் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கிற கடை எனக்கு. மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். பக்கத்துக் கடை டெய்லரிடம் பையைப் பற்றிச் சொன்னேன். அவர் தையல் மிஷினை நிறுத்தாமலே, "உன் ஜோக்கை இத்தனை வருஷம் தாங்கினாங்களே குரு, அதுக்கே அவங்களுக்கு ஒரு மாலை போடணும்" என்றார். அன்று முதல் நான் நல்ல கணவன் ஆனேன். பாத்திரம் கழுவினேன். உப்பில்லாத ரசத்தை அமிர்தம் என்றேன். அவளுக்குத்தான் சந்தேகம் வந்துவிட்டது. "ஏனுங்க, என்ன தப்பு பண்ணிட்டு வந்திருக்கறீங்க? இப்பவே சொல்லிப்போடுங்க" என்றாள். "பை" என்றேன். அரிசி டிரம் பக்கம் கையைக் காட்டினேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கன்னட எம்.ஏ. படிக்கப் போகிறாளாம். கொள்ளேகாலில் பி.ஏ. முடித்த கையோடு என்னைக் கட்டிக்கொண்டவள்.

"முன்னாடியே சொன்னா கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிச் சிரிப்பீங்க."

உண்மைதான். டெய்லரிடம் சொல்ல வேண்டிய வாசகத்தை அதற்குள் மனதில் தயார் செய்துவிட்டிருந்தேன்.

புரியாத விஷயம் ஒன்றுதான். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு கல்லூரியிலேயே அதே எம்.ஏ. இருக்கிறது. அவள் கேட்டதோ ஊருக்கு வெளியே, இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய ஒரு பல்கலைக்கழகம். ஏன் என்றால், "அங்கதானுங்க" என்பாள். நேர்காணல் உண்டு என்று தெரிந்ததும் நான் வாத்தியாராகிவிட்டேன். ஏன் எங்களிடம் படிக்க வருகிறாய் என்று கட்டாயம் கேட்பார்கள். பெரிய நூலகம், நல்ல ஆசிரியர்கள், அமைதியான சூழல் என்று அடித்துவிடு என்றேன். தோசை வார்க்கும்போதுகூட ஒப்புவிக்க வைத்தேன். அவளும் ஒப்புவித்தாள்.

இங்கே என் மாமனாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் அவரைப் பார்த்ததில்லை. இவள் சிறுமியாக இருந்தபோதே மஞ்சள்காமாலையில் போய்விட்டார் என்று பெண் பார்க்கப் போனபோது சொன்னார்கள். குடும்பத்தில் தொடர்ந்து வருமோ என்ற பயத்தில், ஒவ்வொரு கோடையிலும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி அவளுக்கும் மகளுக்கும் கொடுப்பேன். மகள் துப்பிவிடுவாள். இவள் ஒரு வார்த்தை பேசாமல் குடிப்பாள். 'உங்கப்பா எனக்குச் சீராகக் கொடுத்தது இந்த நோய் ஒன்றுதான்' என்று வருடம் தவறாமல் நானும் ஒரு ஜோக் அடிப்பேன்.

நேர்காணல் மூன்றாவது மாடியில். ஏறும்போது ஒவ்வொரு மாடியிலும் நின்று சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள். முழங்கால் வலியாக்கும் என்று நினைத்து அதற்கும் ஒரு கிண்டல் செய்தேன். வெளியே நாற்காலி இல்லாததால் துறைத்தலைவர் அம்மா என்னையும் உள்ளே உட்காரச் சொன்னார். எதிர்பார்த்த கேள்வி வந்தது. ஏன் இந்தப் பல்கலைக்கழகம்? நான் சத்தமில்லாமல் உதட்டை அசைத்து 'நூலகம்' என்றேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. தக்காளி விலை சொல்கிற குரலில், சுத்தமான கன்னடத்தில் சொன்னாள். இந்தக் கட்டடம் எழும்பியபோது அவள் அப்பா இங்கே சாரம் கட்டுகிற வேலை செய்தார். குடும்பமே கீழே தகரக் கொட்டகையில் இருந்தது. இந்த மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்துதான் அவர் விழுந்தார். மத்தியானச் சோற்றுத் தூக்கோடு கீழே நின்றுகொண்டிருந்தது அவள். பிறகு எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். கட்டி முடித்த கட்டடத்தை அவள் பார்த்ததே இல்லை.

துறைத்தலைவர் பேனாவை மூடி வைத்தார். என் வாய் 'நூலகம்' என்ற இடத்திலேயே திறந்தபடி நின்றுவிட்டது. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தவளை யாரோ புதிதாக அறிமுகம் செய்து வைத்த மாதிரி இருந்தது.

வெளியே வந்ததும், "காமாலைன்னு சொன்னாங்களே" என்றேன்.

"விழுந்து செத்த வூட்ல பொண்ணெடுக்க மாட்டாங்கன்னு அம்மா பயந்துட்டாங்க. உங்கம்மா எடுத்திருப்பாங்களா, சொல்லுங்க?"

எடுத்திருக்க மாட்டார். துர்மரணம் நடந்த வீடு என்று காப்பியைக் குடித்து முடிக்காமலே எழுந்திருப்பார்.

"அப்போ அந்தக் கீழாநெல்லி?"

"நீங்க அக்கறையா அரைச்சுக் குடுத்தீங்க. குடிச்சேன்."

மாமனாருக்கு வராத நோய்க்கு, அவர் மகளுக்கு வருடம் தவறாமல் வைத்தியம் பார்த்திருக்கிறேன். அதைவிட அந்த ஜோக். அதை எத்தனை முறை கேட்டிருப்பாள் என்று எண்ணப் பயந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்கப்பா ஏறுனாரு, எறங்கி வரலீங்க. நான் தெனமும் ஏறிப் போயி, இந்தப் படியிலயே எறங்கி வரோணும். அவ்வளவுதான்."

கிண்டல் செய்ய ஒன்றும் கிடைக்கவில்லை. கடைக்குப் போய்க் கழற்றி வைத்திருந்த ஒரு மிக்ஸியை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டெய்லர் எட்டிப் பார்த்து, "என்ன குரு, வாய் ரிப்பேரா?" என்றார். ஆமாம் என்றேன்.

அவளுக்கு இடம் கிடைத்தது. முதல் நாள் மாலை ஸ்கூட்டரோடு போய் நின்றேன். மகள் வயதுப் பிள்ளைகள் தடதடவென்று ஓடி வந்த பிறகு, முதுகில் நீலப் பையோடு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக வந்தாள். தரைக்கு வந்ததும் திரும்பி மேலே ஒரு தரம் பார்த்தாள். பையைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். கனமாக இருந்தது.

இப்போது அந்தப் பை அரிசி டிரம்முக்குப் பின்னால் இல்லை. வாசல் பக்கத்து ஆணியில், எல்லோரும் பார்க்கிற மாதிரி தொங்குகிறது. நேற்றும் எடுத்துக்கொண்டு போனாள். ஏறினாள், வகுப்பில் உட்கார்ந்தாள், இறங்கி வந்தாள்.