நீங்களும் வாங்களேன்

அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக மூன்று மாதம் திட்டம் போட்டேன். காரமடைக்கு மேற்கே, பில்லூர் போகிற மலைச்சாலையோரத்துக் காட்டுக்குத் தனியாகப் போய் ஒரு பறவையைப் பார்த்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

வாரத்தில் ஆறு நாள் எனக்கு மில் ஆபீஸ், ஏழாவது நாள் வீடு. நடுவே சிங்காநல்லூர் ஏரிக்கரையில் கிடைக்கிற இருபது நிமிடம் மட்டும்தான் என்னுடையது. அங்கே நாரைகளும் நீர்க்காகங்களும் வெட்டவெளியில் நிற்கும். பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்திலும் பார்த்துவிடலாம். காட்டுப் பறவைக்கு அது நடக்காது. வாயை மூடிக்கொண்டு ஓரிடத்தில் உட்கார வேண்டும். நான் பார்க்க நினைத்தது அரசவால் ஈப்பிடிப்பானில் ஆண் பறவையை. கறுப்புத் தலை, வெள்ளை உடம்பு, ஒரு சாண் உடம்புக்கு ஒன்றரைச் சாண் வால். மூன்று வருடமாக அதைப் புத்தகத்தில்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏரிக்கரைக்குக் கேமராவோடு வருகிற ஒருவர் என் நோட்டில் படமே வரைந்து கொடுத்தார். செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டாவது சிறுபாலம், கீழே ஓடை, ஓடையோரம் மூங்கில். அதற்குக் கீழே நான் பட்டியல் எழுதினேன். முதல் பஸ். இலைப்பச்சைச் சுடிதார். பைனாகுலர். இரண்டு பன். யாரோடும் பேசக் கூடாது. கடைசி வரிக்கு அடிக்கோடும் போட்டேன். வீட்டுக்காரர் அதைப் படித்துச் சிரித்துவிட்டு, "போயிட்டு வா" என்றார்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஈரோட்டிலிருந்து என் நாத்தனார் போன் செய்கிற வரைக்கும். பேச்சுவாக்கில் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறேன் என்று சொன்னேன். சொல்லிவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? எங்கள் ஊரில் ஒரு இடத்துக்குப் போகிறோம் என்று சொன்னால், கேட்பவரையும் கூப்பிட்டாக வேண்டும். அவர் "இருக்கட்டுங்க, இன்னொரு நாளைக்குப் பாக்கலாமுங்க" என்று சொல்ல வேண்டும். அத்தோடு இரண்டு பேரின் மரியாதையும் காப்பாற்றப்பட்டுவிடும்.

"நீங்களும் வாங்களேன் அம்மணி" என்றேன்.

"வாரேனுங்க அண்ணி. எனக்கும் வெளிய போயி ரொம்ப நாளாச்சுங்க."

ஒரு தடவைகூட மறுக்கவில்லை. பழியை அவள் மேல் போட முடியாது, கூப்பிட்டது என் வாய். அவளும் இதே மண்ணில் வளர்ந்தவள்தானே. அவள் பங்குக்குத் தன் மாமியார் வீட்டாரை மரியாதைக்குக் கூப்பிட்டாள். அவர்களும் வருகிறேன் என்றார்கள். வெள்ளிக்கிழமைக்குள் நாங்கள் பதினொரு பேர். வேன் சொல்லியாகிவிட்டது. இரண்டு பன் இருந்த இடத்தில் பதினொரு பேருக்கு எலுமிச்சைச் சாதம் வந்து உட்கார்ந்தது. பாட்டுப் போட ஸ்பீக்கர் கொண்டுவருவதாக நாத்தனாரின் கொழுந்தனார் சொல்லியனுப்பினார். காட்டில் பாட்டா என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. "நல்லதுங்க" என்றேன்.

என்ன கூட்டமாக இருந்தாலும் அந்தப் பாலத்தில் ஐந்து நிமிடம் ஒதுங்கி நின்றுகொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார்கள். காபி குடித்துக்கொண்டிருக்கும்போது தெரு வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: நாளைக் காலை தண்ணீர்.

எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் ஒன்பது நாளைக்கு ஒரு தடவை வந்தால் அதிர்ஷ்டம். வருகிற நேரத்தில் ஆள் இருந்து பிடித்து வைக்காவிட்டால் அடுத்த ஒன்பது நாளைக்குத் திண்டாட்டம்தான். காபி டம்ளர்களோடு எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"நா வேணா இருந்துக்கறேன். நீ போயிட்டு வா" என்றார் வீட்டுக்காரர். மனதாரத்தான் சொன்னார், அதை மறுக்க மாட்டேன். நான் சரி என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அவருடைய தங்கை எதிரே உட்கார்ந்திருக்கிறாள்.

"அதெப்படிங்க, உங்க தங்கச்சி ஊட்டுக்கே வந்திருக்கறப்ப நீங்க போகாம? நா இருந்துக்கறனுங்க."

இன்னொரு தடவை வற்புறுத்துவார், அப்போது ஒத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். "சரி, அப்ப நீயே பாத்துக்க" என்று காபியைக் குடித்து முடித்தார்.

விடியற்காலை எலுமிச்சைச் சாதத்தை நானே கட்டிக் கொடுத்தேன். நாத்தனார் ஆரஞ்சுச் சேலையில் ஜொலித்தாள். "நீங்கதான் வரலீங்களே அண்ணி, அந்தப் பைனாகுலரக் குடுங்க" என்றாள். கொடுத்தேன். நோட்டையும் சேர்த்தே கொடுத்தேன். வேன் திரும்புகிறவரை வாசலில் நின்று கையசைத்தேன்.

தண்ணீர் எட்டே முக்காலுக்கு வந்தது. குடம், அண்டா, பக்கெட், டிரம் என்று ஒன்று விடாமல் நிரப்பினேன். எங்கள் தெருவுக்கு வருவது பில்லூர்த் தண்ணீர். அவர்கள் போயிருக்கிற திசையிலிருந்துதான் வருகிறது. குழாயடியில் உட்கார்ந்து அழுதேன். பறவை போனால் போகட்டும். வேண்டும் என்கிற ஒரு சொல் என் வாயில் வருவதே இல்லையே என்றுதான் அழுதேன். டிரம் நிரம்பி வழிந்ததும் எழுந்து குழாயை மூடினேன்.

பொழுது சாயும்போது திரும்பி வந்தார்கள். நாத்தனார் செருப்பைக்கூடக் கழற்றாமல் செல்போனை நீட்டினாள்.

"அண்ணி, இதென்ன குருவிங்க? அந்தப் பாலத்துல உக்காந்து சாப்புட்டுட்டிருந்தமுங்க, எதுத்தாப்பல வந்து உக்காந்துச்சு. வாலு ரிப்பனாட்ட இருக்குது பாருங்க."

படம் கொஞ்சம் கலங்கியிருந்தது. மூங்கில் கிளை, வெள்ளை உடம்பு, ஒன்றரைச் சாண் வால். விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். பெயரைச் சொன்னேன்.

"ரொம்ப நேரம் இருந்துச்சுங்களா?"

"அது பாட்டுக்கு உக்காந்திருந்துச்சுங்க. பாட்டுப் போட்டும் போகல. அடுத்த வாட்டி நீங்களும் வாங்களேன் அண்ணி."

என் திட்டத்துக்கு என்னையே கூப்பிடுகிறாள். அடுத்த தடவை நான் மட்டும் தனியாகப் போகிறேன், யாரும் வர வேண்டாம். இந்த வாக்கியத்தைக் காலையிலிருந்து குழாயடியில் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தேன். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இருந்து சாப்புட்டுட்டுப் போலாமுங்க அம்மணி" என்றேன்.

"சரிங்க அண்ணி" என்று அவள் செருப்பைக் கழற்றினாள். பின்னாலேயே மற்றவர்களும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். நான் அடுப்படிக்குப் போய், காலையில் பிடித்த தண்ணீரில் பதினொரு பேருக்கு உலை வைத்தேன்.