சாயக் கை என்றொரு காரணம்

எங்கள் ஆஸ்பத்திரி நர்சுகளுக்கு, பேஷண்ட் விவரம் தட்டி ஏற்றும் டேப்லெட் வந்தபோது அதிகமாக ஆடியவள் நான்தான். அதுவரை நாங்கள் வார்டில் வேலை பார்த்த லட்சணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். காலையில் ஒரு சுற்றுப் போவோம். ஜுரம், பிரஷர், நாடி எல்லாவற்றையும் பால்பாயின்ட் பேனாவால் உள்ளங்கையில் கிறுக்கிக்கொள்வோம். டீ குடித்துவிட்டு வந்து, ஞாபகமும் கிறுக்கலுமாகச் சேர்த்துச் சார்ட்டில் ஏற்றுவோம். நடுவில் கை கழுவிவிட்டால் பேஷண்ட்டின் பிரஷரும் தண்ணீரோடு போய்விடும்.

புது முறைக்கு வகுப்பெடுக்க வேலூருக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து என்னை அனுப்பினார்கள். நர்சிங் இன்ஃபர்மேட்டிக்ஸ் என்று பலகையில் எழுதிவிட்டு ஒரு மேடம் நிதானமாகப் பேசினார். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: நான் தட்டும் எண்ணை, பேஷண்ட்டைக் கண்ணால் பார்க்காத ஒரு டாக்டர் வேறெங்கோ உட்கார்ந்து பார்ப்பார், அதை நம்பித்தான் முடிவெடுப்பார், ஆகையால் அது உண்மையாக இருக்கவேண்டும். இந்த ஒரு விஷயத்தைச் சொல்லவா பிரியாணி எல்லாம் போட்டு உட்காரவைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் திரும்பும்போது தூங்கிவிட்டேன்.

திரும்பி வந்தபின் வார்டில் எல்லாருக்கும் நான்தான் டீச்சர். என்னைவிட மூத்தவர்களே "இதை எங்கம்மா அமுக்கணும்?" என்று வந்து நிற்பார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு கட்டிலாகப் போய், பேஷண்ட்டின் கைப்பட்டையை டேப்லெட்டுக்குக் காட்டினால் அவர் பக்கம் திறக்கும். அங்கேயே பார்த்து அங்கேயே தட்டவேண்டும். எண் சரியாக இருந்தால் பச்சை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்தால் கட்டம் சிவக்கும், டூட்டி டாக்டரின் போன் கத்தும். காரணம் தட்டினால்தான் அந்தச் சிவப்பு போகும். நன்றாகத்தான் யோசித்துச் செய்திருந்தார்கள், சும்மா சொல்லக்கூடாது.

ஆனால் செய்தவர்கள் எங்கள் ஆரணிக்கு வந்ததில்லை. இங்கே பட்டறையில் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். விரல், நகம், நகக்கண், மணிக்கட்டு வரை சிவப்பும் நீலமும் பச்சையும் ஏறி ஒரே கறுப்பாக நிற்கும். ஆக்ஸிஜன் பார்க்கும் கிளிப் விரலுக்குள் வெளிச்சம் அனுப்பித்தான் பார்க்கிறது. சாயம் ஏறிய விரலில் அந்த வெளிச்சம் சரியாகப் போகாது. எண்பத்தைந்து என்று காட்டும், சிலபோது வெறும் கோடு காட்டும். முதல் வாரத்திலேயே கூத்து ஆரம்பித்துவிட்டது. குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்த ஒரு சாயக்காரருக்குக் கிளிப்பைப் போட்டேன். சிவப்பு. டாக்டர் படியேறி ஓடிவந்தார். அந்த மனுஷர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு இட்லி தின்றுகொண்டிருந்தார்.

"இன்னா சிஸ்டர், வடகறி கேட்டுகினு இருக்கிறவருக்கா ஆக்ஸிஜன் கொறஞ்சு போச்சு?" என்று வார்டு முழுக்கக் கேட்க டாக்டர் கத்தினார். எனக்கு மானம் போயிற்று.

அன்றே சாஃப்ட்வேர் கம்பெனிக்காரருக்குப் போன் போட்டேன். காரணங்களின் வரிசையில் 'சாயக் கை' என்று ஒன்றைச் சேர்க்கச் சொன்னேன். அவர் சென்னைக்காரர். "அப்படீன்னா இன்னா மேடம்?" என்று சிரித்தார். விளக்கினேன், சேர்த்துக்கொடுத்தார். அதைத் தொட்டால் சிவப்பு போய்விடும், டாக்டரின் போன் கத்தாது. கூடவே ஒரு விதியும் போட்டோம், போட்டவளும் நான்தான்: சாயக் கை என்று தட்டினால், காதில் மாட்டும் கிளிப்பால் மறுபடி பார்த்து அந்த எண்ணை ஏற்றவேண்டும். காதுக் கிளிப் எங்கள் ஆஸ்பத்திரியில் ஒன்றே ஒன்றுதான். அது கீழே எமர்ஜென்சியில் இருந்தது. வார்டு மாடியில்.

"ஆரணிக்குன்னே ஒரு பட்டன் வாங்கிட்டியேம்மா" என்று டாக்டர் பாராட்டினார். முதலில் எல்லாரும் கீழே போய்க் கிளிப்பை எடுத்து வந்தோம். அப்புறம் யாராவது கீழே போனால் எடுத்து வருவது என்றானது. அப்புறம் காதுக் கட்டம் காலியாகவே கிடந்தது. காலியாக இருந்தாலும் டேப்லெட் ஒன்றும் கேட்காது. அதை நான் கவனித்தேன். கவனித்துவிட்டு நானும் காலியாகவே விட்டேன்.

போன ஆவணியில் இன்னொரு சாயக்காரர் வந்தார். கல்யாண முகூர்த்த மாதம், பட்டறையில் வேலை நெருக்கடி, ஜுரத்தோடு வேலை பார்த்திருக்கிறார். ஐம்பது வயது இருக்கும். ஒடிசலான ஆள். இருமல், சளிக் காய்ச்சல் என்று சேர்த்தார்கள். சேர்க்கும்போது கீழே எமர்ஜென்சியில் காதில் போட்டுப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றுதான் மேலே அனுப்பினார்கள். கூட அவர் மனைவி இருந்தார். என் வயதுதான் இருக்கும், அதிகம் பேசாதவர்.

மறுநாள் மத்தியானம் வார்டு நிரம்பி வழிந்தது. ஊரெல்லாம் ஜுரம். இரண்டு பேர் செய்யும் வேலைக்கு நான் ஒருத்தி. அந்த அம்மா வந்து, "சிஸ்டர், இவருக்கு மூச்சு வாங்குது, கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்றார்.

போனேன். போகவில்லை என்று யாரும் சொல்லமுடியாது. அவர் கட்டிலில் முன்னால் குனிந்து, முழங்கால்மேல் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார். விரலில் கிளிப்பைப் போட்டேன். எண்பத்தாறு. கட்டம் சிவந்தது.

"அவரு கையில சாயங்க்கா. மெஷின் அப்படித்தான் காட்டும், பயப்படாதீங்க" என்றேன்.

"என் கை அப்படிம்மா" என்று அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை ஒரு மூச்சில் அவரால் முடிக்க முடியவில்லை. நடுவில் நிறுத்தி மூச்சிழுத்துத்தான் மீதியைச் சிரித்தார். அது என் காதில் விழுந்தது. விழுந்தும் சாயக் கை என்று தட்டினேன். நிமிஷத்துக்கு மூச்சு எத்தனை என்ற கட்டத்தில் இருபது என்று தட்டினேன். எங்கள் வார்டில் எல்லாருக்கும் மூச்சு இருபதுதான், யார் நெஞ்சைப் பார்த்து எண்ணினார்கள்? இந்த வரிசையை முடித்துவிட்டுக் கீழே போய்க் காதுக் கிளிப்பை எடுத்து வரலாம் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். அதற்குள் ஒருவருக்கு டிரிப் ஊசி நழுவி ரத்தம், இன்னொரு புது அட்மிஷன்.

அந்த அம்மா மறுபடி வந்து நின்றார். என் பின்னாலேயே நின்றார். எனக்கு வந்ததே கோபம்.

"இன்னாக்கா பேஜாராக்கீது உங்களோட! ஒரு தடவ சொன்னா புரியாதா? மெஷின் சரியா காட்டணும்னா கூட்டினு போய் அவரு கையை நல்லா சோப்பு போட்டுக் கழுவி விடுங்க. அப்புறம் வந்து பாக்கறேன்."

விரட்டத்தான் அப்படிச் சொன்னேன். சாயம் சோப்புக்கா போகும்? ஆரணியில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாதா?

ஆனால் வெள்ளை உடுப்பு போட்டவள் சொன்னதை அந்த அம்மா அப்படியே எடுத்துக்கொண்டார். அவரைக் கட்டிலிலிருந்து எழுப்பி, தோளைப் பிடித்துக்கொண்டு, வார்டின் கோடியில் இருக்கும் கைகழுவும் இடத்துக்கு நடத்திப் போனார். மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த மனுஷர் குழாயடியில் நின்று கையை நீட்டிக்கொண்டிருக்க, அந்த அம்மா தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறார். நான் புது அட்மிஷனின் பெயரைத் தட்டிக்கொண்டிருந்தேன். 'தொப்'பென்று சத்தம். அப்புறம் அந்த அம்மாவின் அலறல்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். கையெல்லாம் சோப்பு நுரை. உதடு நீலமாக இருந்தது. உதட்டில் யாருக்கும் சாயம் ஏறுவதில்லை. டேப்லெட்டிலிருந்து ஒரு தடவை நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்திருந்தாலே அது எனக்குத் தெரிந்திருக்கும்.

ஆக்ஸிஜன் வைத்தோம். யாரோ கீழேயிருந்து காதுக் கிளிப்பைக் கொண்டுவந்தார்கள், எவ்வளவு நேரம் ஆயிற்று என்கிறீர்கள், படியிறங்கி ஏறும் நேரம்தான். எழுபதுகளில் காட்டியது. ஆம்புலன்ஸில் வேலூருக்கு அனுப்பினோம். அங்கே மூச்சுக்கு மெஷின் வைத்துவிட்டார்கள் என்று சாயங்காலம் தகவல் வந்தது. நான் அன்று வீட்டுக்குப் போய்ச் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு வாய் இறங்கவில்லை. அவர் செத்துவிட்டால் கொன்றது நான்தான் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் மீட்டிங் போட்டார்கள். என் வேலை போகும் என்றுதான் உள்ளே போனேன். நடந்தது வேறு. எல்லாரும் டேப்லெட்டைத் திட்டினார்கள். காதுக் கட்டம் காலியாக இருந்தால் அது எப்படி மேற்கொண்டு தட்ட விட்டது, சாஃப்ட்வேர் பண்ணினவனுக்கு அறிவில்லையா என்றார்கள். அதுவும் பொய்யில்லை. வரிசையிலிருந்து சாயக் கையை எடுக்கச் சொன்னார்கள், மாடிக்குத் தனியாக ஒரு காதுக் கிளிப் வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். அந்த அம்மா முதலிலேயே வந்து கூப்பிட்டதையும், கையைக் கழுவச் சொல்லி விரட்டியது நான்தான் என்பதையும் யாரும் கேட்கவில்லை. அதற்கு டேப்லெட்டில் கட்டமே கிடையாது. நானும் எல்லாரோடும் சேர்ந்து மெஷின்மேல்தான் தப்பு என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச்சில் முழங்கால் போட்டுப் பாவ அறிக்கை சொல்வோம். சபையே ஒரே குரலில் சொல்லும். அந்தச் சத்தத்துக்குள் என் குரலை ஒளித்துவைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். அவர் பிழைக்கவேண்டும் என்று மட்டும் தனியாக வேண்டிக்கொண்டேன், வெட்கமில்லாமல் அழுதுகூட வேண்டிக்கொண்டேன். பிழைத்தார். மெஷினை எடுத்துவிட்டார்கள் என்று கேட்டபோது எனக்குப் போன உயிர் வந்தது. வேலூர் என்ன, அமெரிக்காவிலா இருக்கிறது? ஒரு பஸ் ஏறிப்போய்ப் பார்த்திருக்கலாம். என்ன சொல்லிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஒவ்வொரு லீவையும் துணி துவைத்தே கழித்தேன்.

ஐப்பசி கடைசியில் எனக்கு வெளிநோயாளி டூட்டி. வரிசையில் அவர்கள் இருவரும் வந்து உட்கார்ந்தார்கள். ஆள் பாதியாக இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு பேருமே எழுந்து நின்று கும்பிட்டார்கள். அவர் கையை நீட்டினார்.

விரல்கள் வெளுத்துக் கிடந்தன. சாயம் இருந்த இடமெல்லாம் தோல் உரிந்து, சில இடத்தில் சிவந்து புண்ணாகி இருந்தது.

"ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சாரு" என்றார் அந்த அம்மா. "ஆஸ்பத்திரிக்கு வர்றோமேன்னு நாலஞ்சு நாளா இதே வேலை. நீங்க அன்னிக்கே சொன்னீங்களே சிஸ்டர். கையை ஒழுங்கா வச்சிகினு வராதது எங்க தப்புதான்."

"இப்ப மெஷினு சரியா காட்டும் இல்லம்மா?" என்றார் அவர்.

வரிசையில் பின்னால் ஆட்கள். பக்கத்து மேஜையில் இன்னொரு சிஸ்டர். இப்போது சொல்லாவிட்டால் செத்தாலும் சொல்லமாட்டேன் என்று தோன்றியது.

"அண்ணா, உங்க கைமேல ஒரு தப்பும் இல்ல" என்றேன். "கை சாயமா இருந்தா காதுல போட்டுப் பாக்கணும். அந்தக் கிளிப் கீழ இருந்துச்சு, நான் போய் எடுத்துகினு வரலை. அக்கா வந்து கூப்ட்டப்பவே உங்களுக்கு நெஜமாவே மூச்சு முட்டிகினு இருந்துச்சு. நான் நம்பலை."

அந்த அம்மா என்னையே பார்த்தார். "அப்ப கையைக் கழுவச் சொன்னது?"

"அது உங்களை விரட்டறதுக்குச் சொன்னதுங்க்கா. கழுவ வேண்டியதே இல்ல. அவரைக் கட்டிலவிட்டு எழுப்பவே கூடாது."

அந்த அம்மா வாய்மேல் கையை வைத்துக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன், அழவில்லை. கையை எடுத்தபோது குரல் மாறியிருந்தது.

"ஜுரத்துல கெடந்த புள்ளையைக் கொழாயடிக்கு இழுத்துனு போய்க் கொல்லப் பாத்தவள்னு இவரைப் பெத்தவ இன்னிக்கு வரைக்கும் என் கையால ஒரு வாய் தண்ணி வாங்கறதில்ல. தெருவே சொல்லுது. நானும் நம்பிகினு இருக்கறேன், நான்தான் பண்ணேன்னு. நீ இங்க இருக்குற ஆரணியிலதான இருந்தே? இதை ஒரு நாளு வந்து சொல்றதுக்கு உனக்குக் காலு வரலியா?"

'நீங்க' போய் 'நீ' ஆகிவிட்டது. அதற்கு நான் தகுதியானவள்தான். இத்தனை நாளும் அவர் பிழைப்பாரா என்று என் பயத்தை மட்டும் சுமந்துகொண்டு திரிந்தேனே தவிர, குழாயடியில் அலறிய இந்தப் பெண்ணை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. பாவி நான், நினைக்கவே இல்லை.

"மன்னிச்சிடுங்க்கா" என்றேன்.

"மன்னிப்பெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். எங்க வூட்டுக்கு வந்து இதையே சொல்லு. எம் மாமியாகிட்ட, தெருவுல கேக்கறவங்ககிட்ட, எல்லார்கிட்டயும்."

"டூட்டி முடிஞ்சதும் வரேங்க்கா."

"இப்ப வா."

டேப்லெட்டைப் பக்கத்து மேஜை சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அவர்கள் பின்னால் நடந்தேன்.