கோட்டை மட்டும் வேண்டாம்

கஞ்சிக் கிண்ணத்தை மேசையில் வைக்கும்போதே இஷ்பெல் மக்ரே விருந்தாளியின் முகத்தைப் பார்த்து, அவர் அன்று எங்கே போகவேண்டும் என்று முடிவு செய்துவிடுகிறாள். இரவெல்லாம் சண்டை போட்ட தம்பதி என்றால் அருவி. "அங்க ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குக் கேக்காது கண்ணு. ரொம்ப நல்ல இடம்." ஓயாமல் பேசுகிறவர் என்றால் குன்றின்மேல் இருக்கும் கல்வட்டம், ஏறும்போது மூச்சு வாங்கும், வாய் தானாக மூடிக்கொள்ளும். மனைவியின் பின்னால் சத்தமில்லாமல் வந்து உட்காரும் கணவன்மாருக்கு விஸ்கி ஆலை.

இவற்றில் எதையும் அவள் பள்ளிக்கூட நாளுக்குப் பிறகு பார்த்ததில்லை. "நான் எதுக்குப் பாக்கணும்? பாத்தவங்க வந்து சொல்றாங்களே" என்பாள். மாடியறைகளை வாடகைக்கு விட்டு, காலைச் சாப்பாடும் போட்டு, ஸ்காட்லாந்து மலைநாட்டின் அந்தப் பள்ளத்தாக்கு முழுவதையும் அடுப்படியிலிருந்தே சுற்றிக்காட்டுகிறாள்.

கோட்டைக்கு மட்டும் யாரையும் அனுப்பமாட்டாள். அந்த வட்டாரத்துக்கு ஜனங்கள் வருவதே அதைப் பார்க்கத்தான். "வெறும் கல்லு. கூரை ஒழுகும். ஒரு பேய்கூடக் கிடையாது."

அவள் கணவன் டூகல்ட் ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி, "ஒண்ணு இருந்துச்சு. இவ பேசறதைக் கேட்டு அதுவும் போயிடுச்சு" என்பான்.

கோட்டை வாசலில் தேநீர்க்கடை வைத்திருப்பவள் இஷ்பெலின் தங்கை யூனா. சில வருஷங்களுக்கு முன், விடுதிகளுக்கு நட்சத்திரம் போடும் அதிகாரி ஒருவர் வழியில் அங்கே தேநீர் குடித்தார். அக்கா வீட்டில் வெந்நீர் எப்படி வரும் என்று கேட்டார். "முதல்ல குளிக்கிறவங்களுக்கு வரும்" என்றாள் யூனா. ஒரு நட்சத்திரம் உதிர்ந்தது. அன்றோடு பேச்சு நின்றது.

"அவ பொய் சொல்லியிருந்தாலாவது மன்னிச்சிருப்பேன்" என்பாள் இஷ்பெல். யூனாவும் சளைத்தவளல்ல, தங்க இடம் கேட்பவர்களை மலைக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிடுவாள்.

போன இலையுதிர்காலத்தில் ஹாலந்திலிருந்து ஹென்ரிக்கேவும் அவள் கணவன் யோப்பும் வந்து தங்கினார்கள். சொல்பேச்சு கேட்காமல் கோட்டைக்குப் போய்விட்டு வந்தார்கள்.

"டீக்கடை மூடியிருக்கு" என்றாள் ஹென்ரிக்கே. "அந்தம்மா ஈரப்படியில வழுக்கி விழுந்து கையை ஒடிச்சுக்கிட்டாங்களாம். மாடியில தனியா இருக்காங்க, பாவம்."

"அவளுக்குச் சின்ன வயசுலேர்ந்தே கீழ பாத்து நடக்கத் தெரியாது" என்று சொல்லிவிட்டு இஷ்பெல் உள்ளே போனாள். அன்று சாயங்காலம் கழுவிய தட்டுகளையே எடுத்து மறுபடியும் கழுவினாள்.

மறுநாள் காலையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அருவிக்குப் போகப்போவதாக யோப் சொன்னான்.

"அருவியில தண்ணி இருக்காது. கோட்டைக்குப் போங்க."

டூகல்ட் ஜன்னலைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், ரொட்டிக்குத் திரும்பிவிட்டான்.

"கோட்டையை நேத்துத்தானே பாத்தோம்?" என்றான் யோப்.

"ஒரு தடவை பாத்தா அது விளங்காது கண்ணு. எவ்வளவு சரித்திரம் நடந்த இடம்."

அடுப்பில் வாற்கோதுமையும் ஆட்டிறைச்சியும் போட்ட சூப்பு தயாராக இருந்தது. விடிவதற்கு முன்பே வைத்திருக்கவேண்டும். பானையைத் துண்டில் கட்டிக் காரின் பின்சீட்டில் வைத்தாள். "கடையில வாங்கினதுன்னு சொல்லிக் குடுத்துடுங்க. என் பேரு வரக்கூடாது."

யோப் வண்டியைக் கிளப்பினான். பானை லேசாகச் சாய்ந்தது.

"இந்த ரோட்டுல போனா கொட்டிடும்" என்றாள் இஷ்பெல். "யாராவது பிடிச்சுக்கணும்." சமையல் ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் ஏறி உட்கார்ந்து, பானையை மடியில் வைத்துக்கொண்டாள். வளைவுக்கு வளைவு அதை இறுக்கிப் பிடித்தாள். கோட்டை தெரிந்தபோது, "இவ்வளவு பெரிசா இது" என்றாள்.

யூனா கதவைத் திறந்தாள். இடது கை, கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது. அக்காவை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன, வழி தப்பிடுச்சா?"

"சூப்பு கொட்டிடுமேன்னு வந்தேன்."

"கொட்டலையே."

"கொட்டல."

யூனா ஒற்றைக் கையால் மாட்டிக்கொண்ட கம்பளிச் சட்டையில் பட்டன்கள் எல்லாம் ஓட்டை மாறி மாட்டியிருந்தன. ஒரு பக்கம் மேலேறி, ஒரு பக்கம் இறங்கித் தொங்கியது. இஷ்பெல் பானையை வாசற்படியில் வைத்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, கீழிருந்து மறுபடி போட ஆரம்பித்தாள்.