நெறி கட்டிய நாலு நாள்

போன வருசம் ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்தே போயிட்டு வந்தேன். அடுத்த திங்கக்கிழமை காலையில, தாயில்பட்டியில என் வீட்டுக் குளியலறையில சோப்பு போடும்போது வலது தொடையிடுக்குல கையில என்னமோ தட்டுச்சு. தடவிப் பாத்தா நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. அமுக்கினா உயிர் போயி உயிர் வருது.

எனக்கு வயசு அம்பத்திரெண்டு. பக்கத்துல ஒரு பட்டாசு ஆலையில போர்மேன். எனக்குக் கீழ நாப்பது பேரு வேலை பாக்குறாக, பாதிக்கு மேல பொம்பளைக. அங்கன கட்டியிருக்குன்னு யார்கிட்ட போயி வாயைத் தொறக்குறது? பொண்டாட்டிகிட்டயே சொல்லக் கூச்சம். சரின்னு செல்போன்ல தேடினேன் பாருங்க, அதுதான் நான் அடிச்ச முதல் கூத்து. ரெண்டாவது வரியிலயே புத்துநோய்னு போட்டிருந்துச்சு. முதல் வரியில என்ன போட்டிருந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

ஆவணி கடைசியில மூத்த மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை அச்சடிச்சு வந்து வீட்டுல கட்டுக் கட்டா இருக்கு. அதைப் பாக்கப் பாக்க, அந்த மணவறையில நான் நிப்பேனா மாட்டேனான்னு அதே நெனப்பு.

செவ்வாய்க்கிழமை சொந்த வேலைன்னு லீவு சொல்லிட்டு சாத்தூருக்குப் போனேன். சிவகாசின்னா தெரிஞ்ச முகம் எதுவாச்சும் எதிர்ல வரும். ஒரு சின்ன ஆஸ்பத்திரியில டோக்கன் போட்டு ஒரு மணி நேரம் மனசுக்குள்ள ஒத்திகை பாத்தேன். எப்படிச் சொல்றது, எந்த வார்த்தையில சொல்றதுன்னு எல்லாம் தயார். உள்ள போனா டாக்டர் ஒரு பொம்பளைப் பிள்ளை. என் மக வயசுதான் இருக்கும். "என்ன செய்யுது சார்?"னு அம்புட்டு அன்பாக் கேட்டுச்சு.

"தலைவலிம்மா"ன்னு சொல்லிட்டேன்.

எத்தனை நாளா, வாந்தி இருக்கா, கண்ணு மங்கலா இருக்கான்னு அது கேட்டுக்கிட்டே போகுது. நானும் இல்லாத தலைவலிக்கு வகை வகையா பதில் சொல்லுறேன். ரத்தம் எடுத்துப் பாத்துருவோம்னுச்சு. அடுத்த வாரம் வாறேன்னு நழுவிட்டேன். தலைவலி மாத்திரையோட வீடு வந்து சேந்தேன். அந்த மாத்திரையையும் முழுங்கினேன், அதுல கூட அந்தக் கட்டி அமுங்கிராதான்னு ஒரு நப்பாசை.

புதன்கிழமை சாயங்காலம் பொண்டாட்டியைப் பக்கத்துல உக்காரச் சொன்னேன். பீரோவுல எந்தத் தட்டுல எந்தப் பத்திரம் இருக்குன்னு சொல்லிக் குடுத்தேன். அப்புறம், "நீ என்னைக் கட்டிக்கிட்டு எம்புட்டோ கஷ்டப்பட்டுட்ட"ன்னேன். இருபத்தஞ்சு வருசத்துல நான் அப்படிப் பேசினதே இல்ல. அவ மூஞ்சி மாறிப்போச்சு.

"என்ன தப்புப் பண்ணிட்டு வந்திருக்கீக? நேராச் சொல்லுங்க."

அன்னைக்கு ராத்திரி முழுக்க என் சட்டைப்பையைச் சோதிச்சுக்கிட்டே இருந்தா. சாகப்போறவனுக்கு இந்த மரியாதைதானான்னு எனக்கு அழுகையே வந்துருச்சு.

வியாழக்கிழமை மத்தியானம், ஆலையில சாப்பாட்டு நேரம். வேப்பமரத்தடியில எல்லாரும் தூக்குவாளியைத் தொறந்து உக்காந்திருக்காக. வெடிக்குத் தாள் ஒட்டுற பிரிவுல ஒரு அம்மா, என் வயசுதான் இருக்கும். சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே சத்தமாக் கேட்டுச்சு.

"போர்மேன் அண்ணாச்சி, நெறி கட்டி எத்தனை நாளாச்சு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "யாருக்கு?"ன்னேன்.

"உங்களுக்குத்தான். திங்கக்கிழமையில இருந்து காலை அகட்டி அகட்டி நடக்கீக. இங்கன எல்லாருக்கும் தெரியும்."

மரத்தடியே சிரிக்குது. நான் நாலு நாளா பொத்திப் பொத்தி வச்ச ரகசியம் அது! அந்தம்மா விடுறதா இல்ல. "கால்ல புண்ணு இல்லாம தொடையில நெறி கட்டாது. முள்ளு கிள்ளு குத்துச்சா?"ன்னு கேட்டுச்சு.

எங்க ஆலையில வெடிமருந்து புழங்குற அறைப் பக்கம் யாரும் செருப்புப் போடக் கூடாது. செருப்பு ஆணி, கல்லு எதுவும் உரசி ஒரு பொறி வந்துட்டா அம்புட்டுதான். இருபது வருசம் வெறுங்காலோட நடந்தவன் நான். "நம்ம காலு இரும்பும்மா, குத்தினா முள்ளுதான் உடையும்"னு பெருமையாச் சொன்னேன். வாஸ்தவமா ஒரு வருசமா கால்ல எதுவும் உறைக்கிறதே இல்ல, அதையும் பெருமையில சேத்துக்கிட்டேன்.

"காட்டுங்க பாப்போம்"னு காலைப் புடிச்சுத் திருப்பிருச்சு. குதிகால்ல ஒரு கறுப்புப் புள்ளி. சுத்தி வீங்கிச் செவந்து கிடக்கு. அமுக்குச்சு, சீழ் வந்துச்சு. எனக்கு ஒண்ணுமே தெரியல. அந்தம்மா சிரிப்பை நிறுத்திருச்சு.

"வலிக்கலையா அண்ணாச்சி?"

"இல்லையே."

"எங்க வீட்டுக்காருக்கு ரெண்டு கால்விரல் போனது இப்படித்தான். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க. நான் ஆபீசுல சொல்லி உங்க வீட்டுக்குப் போன் போடச் சொல்றேன்."

அரை மணி நேரத்துல பொண்டாட்டி ஆட்டோவுல வந்து என்னை அள்ளிப் போட்டுக்கிட்டுப் போனா. எங்க போகுதுன்னு பாத்தா, அதே சாத்தூர் ஆஸ்பத்திரி. முந்தின ராத்திரியே சட்டைப்பையில மருந்துச் சீட்டைக் கண்டுபுடிச்சிருக்கா! டாக்டர் என்னைப் பாத்ததும், "தலைவலிக்கு வந்தவங்கதானே நீங்க?"ன்னுச்சு. பொண்டாட்டி என் பக்கம் திரும்பிப் பாத்த பார்வையை எழுத்துல கொண்டுவர முடியாது.

குதிகால்ல இருந்து அரை இஞ்சுக்கு ஒரு கருவேல முள்ளு வந்துச்சு. கோயிலுக்கு வெறுங்காலோட நடந்தப்போ ஏறினது. ரத்தத்துல சர்க்கரை முந்நூத்துக்கு மேல. எனக்குச் சர்க்கரை இருக்குன்னே அன்னைக்குத்தான் தெரியும். இரும்புக் காலுன்னு நான் பீத்திக்கிட்டது சர்க்கரையால உணர்ச்சி செத்துப்போன காலு.

"இந்த நெறி நோய் இல்ல சார்"னு டாக்டர் பொறுமையாச் சொல்லுச்சு. "கழுத்து, கக்கம், தொடையிடுக்குன்னு உடம்புல பல இடத்துல இந்த நிணநீர் முடிச்சு இருக்கு. கால்ல இருந்து ஏறுற கிருமியை மேல விடாம அங்க மறிச்சு வச்சு சண்டை போடுது. அதான் வீங்கி வலிக்குது. புண்ணு ஆறினா தானா வத்தும். வலியே இல்லாம, கெட்டியா, வாரக்கணக்கா வத்தாம இருந்தாத்தான் சோதிச்சுப் பாக்கணும். உங்க காலு சொல்லாததை இது சொல்லியிருக்கு. இன்னும் நாலு நாள் விட்டிருந்தா காலுக்கு நான் உத்தரவாதம் சொல்ல முடியாது."

"அப்ப புத்துநோய் இல்லையாம்மா?"ன்னு கேட்டுட்டேன்.

பொண்டாட்டி அப்படியே உக்காந்துட்டா. பத்திரம் காட்டினது, உருகினது எல்லாம் அப்பத்தான் அவளுக்குப் புரிஞ்சிருக்கு. "பாவி மனுசா, இதைத் தனியா வச்சுக்கிட்டா நாலு நாளு சோறு தின்னீக?"ன்னு என் தோள்ல ஒரு அடி போட்டுட்டு, அங்கனயே ஓன்னு அழுதா. எனக்கும் அழுகை தாங்கல.

ஊசி, மருந்து, கட்டுன்னு பத்துப் பன்னெண்டு நாள்ல கட்டி வத்திருச்சு. மக கல்யாணத்துல ரெண்டு காலோட நின்னு எல்லாரையும் வாங்க வாங்கன்னு கூப்பிட்டேன். முதலாளி என்னை, செருப்புப் போட்டுக்கலாம்னு இருக்குற குடோன் பக்கம் மாத்திட்டாரு. தினமும் ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி பொண்டாட்டி டார்ச் அடிச்சு என் பாதத்தைப் பாக்குறா, திட்டிக்கிட்டேதான் பாக்குறா.

கூச்சப்பட்டு மறைச்ச அந்த நாலு நாளை நெனச்சா இன்னைக்கும் வெக்கமா இருக்கு. நாப்பது பேரு முன்னாடி அந்தம்மா சத்தமாக் கேட்டதை நெனச்சாத்தான் துளிகூட வெக்கமா இல்ல.