உள்ளான்கள் ஒதுங்கிய மூலை

இருபத்திரண்டு வருடம் ஏரிக் காவலாளியாக வேலை பார்த்தேன். அதில் ஏழெட்டு வருடம் ரிஜிஸ்டரில் தப்பாக எழுதியிருக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

எங்கள் ஏரி ஆனேக்கல் பக்கம். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து உள்ளான் குருவிகள் வரும். கரையோரச் சேற்றில் புழு பொறுக்கித் தின்று, உடம்பைத் தேற்றிக்கொண்டு, சித்திரை வாக்கில் திரும்பிப் போகும். ஞாயிறுதோறும் அவற்றை எண்ணி எழுதுவது என் டியூட்டி. மதகுப் பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்காருவேன். எதிரிலேயே கும்பலாக மேயும். வருடத்துக்கு வருடம் கும்பல் கூடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதே புழுவைத்தான் செல்வியும் இன்னும் நாலு பெண்களும் அள்ளினார்கள். ஈஜிபுராவிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார்கள். சேற்றைப் பக்கெட்டில் போட்டு மூடி வைத்தால், மூச்சு முட்டிப் புழுவெல்லாம் மேலே வந்து உருண்டையாகத் திரளும். அதை மீன் தீனியாக அக்வேரியம் கடைகளுக்குக் கொடுப்பார்கள். மதகுப் பக்கம் வந்தால் மட்டும் கத்தி விரட்டுவேன். பறவைக்காக இல்லை. கிளறிய சேற்றின் நாற்றம் எனக்கு ஆகாது, அவ்வளவுதான்.

ஒரு பங்குனியில் செல்வி காலி பக்கெட்டோடு வந்து நின்றாள்.

“அண்ணா, வெறும் சேறுதான் வருது. புழுவே இல்ல.”

“அதுக்கு நான் என்னம்மா பண்றது? இந்தப் பக்கம் மட்டும் கால வெச்சே, பாத்துக்கோ!”

“நீ கத்துறதாலதாண்ணா இங்க மட்டும் புழு மிச்சம் இருக்கு. அதான் குருவியெல்லாம் இங்கயே வந்து முட்டிக்குது. எந்திரிச்சு ஒரு ரவுண்டு சுத்திப் பாரு.”

எனக்கே புத்தி சொல்கிறாளா என்ற கோபத்தோடுதான் எழுந்து போனேன். மற்ற மூன்று கரையிலும் ஒரு பறவைகூட இல்லை. கூடியது பறவை இல்லை, நெரிசல். எத்தனை பறவை அரை வயிற்றோடு அவ்வளவு தூரம் கிளம்பிப் போயிற்றோ! வெட்கமாக இருந்தது.

என் கணக்கு தப்பு என்று மறுநாள் ஆபீசரிடம் ஒப்புக்கொண்டேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். கூடவே, இனி புழு அள்ள ஒருவரும் ஏரியில் இறங்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்.

செல்வியிடம் சொன்னேன். “உள்ளதச் சொன்னதுக்கு என் பொழப்புல மண்ணப் போட்டுட்டியேண்ணா” என்றாள்.

நேராக ஆபீசுக்கே திரும்பினேன்.

“சார், நான் பாக்காதத அந்தம்மா பாத்துச் சொன்னாங்க. அவங்களயே வெரட்டுனா, நாளைக்கு யாரு வந்து சொல்வாங்க?”

“ரூல்ஸ்னு ஒண்ணு இருக்குல்லப்பா?”

“ரூல்ஸ்படி எண்ணுனவன் நான்தான் சார்.”

ஆபீசர் செல்வியைக் கூப்பிட்டனுப்பினார். முறையை அவளே சொன்னாள். பறவை இருக்கும் மாதங்களில் யாரும் இறங்குவதில்லை. மற்ற நாளில் ஒரு சமயத்தில் ஒரு கரை மட்டும்.

“அந்த மாசமெல்லாம் என்னம்மா பண்ணுவீங்க?” என்றார் ஆபீசர்.

“நாலு வீட்டுல வேல பாத்துக்குவோம் சார். குருவிக்கு வேற எடம் இல்லையே.”

மூன்றாம் வருடம் நாலு கரையிலும் உள்ளான் மேய்ந்தது. நடந்து நடந்து எண்ணியதில் என் முழங்கால் தேய்ந்துபோயிற்று.

ரிடையர்மெண்ட் அன்று, பறவைகளைக் காப்பாற்றியவர் என்று எனக்குச் சால்வை போட்டார்கள். அது குளிர்காலம். செல்வி எங்கோ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பறவைகளுக்காக எனக்கு ஒரு நாள் சம்பளம்கூடக் குறைந்ததில்லை.