கொள்ளிட மணலைப் பற்றிய ஒரு வரி

ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த ஒன்றாம் நம்பர் பஸ் காவிரிப் பாலத்தின் மேல் நின்றுபோனது. முன்னால் ஒரு லாரி பழுதாகி வழியை அடைத்திருந்தது. அப்போதுதான் ஜமீலா அக்காவின் மகள் போனில் வந்தாள். "ஆன்ட்டி, அம்மா மௌத்தாயிட்டாங்க. காலையில தூக்கத்துலயே போயிட்டாங்க. லுஹர் தொழுகைக்கு அப்புறம் எடுக்கிறோம். வந்துடுங்க." மதியத் தொழுகைக்கு ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. இறங்கி நடந்தேன். சத்திரம் பேருந்து நிலையத்தில் ஆட்டோ பிடித்து பாலக்கரையில் அவர் வீட்டு வாசலை அடையும்வரை, முகத்தைப் பார்க்காமல் போய்விடுவேனோ என்று ஆட்டோக்காரரை அவசரப்படுத்திக்கொண்டே இருந்தேன். பார்த்துவிட்டேன்.

எங்கள் கல்லூரியில் அவர் புவியியல் சொல்லிக்கொடுத்தார், நான் தமிழ். பதினெட்டு ஆண்டுகள் ஒரே ஆசிரியர் அறையில் பக்கத்து மேசைகள். இதைப் படிக்கும் உங்களில் பலர் அவருடைய மாணவிகள். சிலர் உடன் பணியாற்றியவர்கள். அவர் எப்படிப்பட்டவர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

வேதாரண்யம், நாகை, ராமநாதபுரம் என்று கடலோர ஊர்களிலிருந்து எங்கள் விடுதிக்குப் பிள்ளைகள் வருவார்கள். முதல் வாரம் முழுக்க அழுகை. எந்த பஸ் எங்கே போகும் என்றுகூடத் தெரியாது. அவர்களுக்காக அக்கா ஒரு சிறு புத்தகம் போடத் திட்டமிட்டார். பெயர் 'ஊருக்குப் புதுசா?'. வரைபடமும் விவரமும் அவருடையது, நடை என்னுடையது. இரண்டு பேரும் சனிக்கிழமைகளில் ஊரைச் சுற்றினோம். மலைக்கோட்டையில் படி ஏறும்போது நான் கீழே தெரியும் ஊரின் அழகைப் பேசுவேன். அவர் எந்தப் படி வழுக்குகிறது, வெயிலில் எந்தக் கல் காலைச் சுடுகிறது என்று குறித்துக்கொள்வார். காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றபடி சொன்னார்: "ஒரு பொண்ணு இங்க தனியா வந்தா எங்க நிக்கும், யாரைக் கேட்கும்? அதை விட்டுட்டு இடம் நல்லா இருக்குன்னு எழுதி என்னங்க பிரயோஜனம்?"

அவர் எதற்கும் பயப்படுவார். அதில் அவருக்கு வெட்கமே கிடையாது. "நான் பயந்தாங்கொள்ளிதான். பயப்படுறவங்கதான் வழி சொல்லணும்" என்பார்.

ஸ்ரீரங்கத்தின் வடக்கே, பஞ்சக்கரைப் பக்கம் கொள்ளிடத்தில் விரிந்து கிடக்கும் மணலைப் பற்றி நான் ஆசையாக ஒரு பக்கம் எழுதினேன். 'மாலையில் கொள்ளிட மணலில் நடந்து பாருங்கள், ஊர் ஏக்கம் குறையும்' என்று முடித்திருந்தேன். அதன் கீழே அக்கா இரண்டு வரி சேர்த்தார்: ஆடி, ஆவணியில் முக்கொம்பு அணையில் தண்ணீர் திறந்துவிடுவார்கள், மணலில் நிற்கிறவர்களுக்குத் தெரியாது, அந்த மாதங்களில் இறங்கவே கூடாது. அச்சுக்குப் போகும் நேரத்தில் அவர் தேர்வுப் பணிக்காக வெளியூர் போயிருந்தார். கடைசித் திருத்தம் என் கையில். என் அழகான பக்கத்தின் கீழே அந்த இரண்டு வரி அரசு அறிவிப்பு மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. நான் வெட்டிவிட்டேன். புத்தகம் கைக்கு வந்ததும் அக்கா அட்டையையும் வரைபடங்களையும் பார்த்துச் சந்தோஷப்பட்டார். அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலரை மணி இருக்கும். அக்கா போன் செய்தார். மூச்சு வாங்கியது.

"வைதேகி, ரெண்டு பிள்ளைங்க கொள்ளிடத்துக்குப் போயிருக்காங்களாம். பஞ்சக்கரைப் பக்கம்னு ரூம்ல சொல்றாங்க. முக்கொம்புல தண்ணி திறந்தாச்சு. போன் எடுக்க மாட்டேங்குதுங்க. நீங்க பக்கத்துல இருக்கீங்க, ஓடுங்க. நான் வந்துட்டே இருக்கேன்."

நான் போனபோது கரையில் கூட்டம். போலீஸ்காரர் ஒருவர் மைக்கில் கத்திக்கொண்டிருந்தார். செம்மண் நிறத்தில் தண்ணீர் ஓடியது. நடுவில் ஒரு மணல் திட்டு. அதன்மேல் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பிடித்தபடி நின்றார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திட்டின் ஒரு ஓரம் கரைந்து விழுந்தது.

அக்கா ஆட்டோவிலிருந்து இறங்கி வெறுங்காலோடு ஓடி வந்தார். அந்த நேரம் பார்த்து இருவரில் உயரமானவள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் கால் வைத்தாள். அவள் மீனவர் வீட்டுப் பெண். கடலில் நீந்தி வளர்ந்தவள். அக்கா போலீஸ்காரர் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"இறங்காதே! இது கடல் இல்ல, இழுத்துட்டுப் போயிடும். பின்னால போ. ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காருங்க. ஜமீலா மேடம் வந்துட்டேன். இங்கதான் நிக்கிறேன், எங்கயும் போக மாட்டேன்."

அந்தப் பெண் காலை எடுத்துக்கொண்டாள். தீயணைப்புப் படையினர் ரப்பர் படகோடும் கயிறோடும் வந்து சேர்வதற்குள் முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை அக்கா மைக்கில் பேசிக்கொண்டே இருந்தார். ஊரில் யார் இருக்கிறார்கள், விடுதியில் காலையில் என்ன டிபன் என்றெல்லாம் கேட்டார். பதில் கேட்காது, ஆனாலும் கேட்டார். மைக்கை வாயிலிருந்து எடுக்கும்போதெல்லாம் துஆ ஓதினார். நான் 'ரங்கா, ரங்கா' என்று முனகிக்கொண்டிருந்தேன். அவருடைய இன்னொரு கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. நகம் பதிந்த இடம் மறுநாளும் சிவந்திருந்தது.

இரண்டு பேரையும் உயிரோடு கொண்டுவந்தார்கள். உயரமான பெண் பையிலிருந்து நனைந்த புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். "இதுல போட்டிருந்துச்சே மேடம். போகக்கூடாதுன்னு எங்கயும் போடலையே." அக்கா பக்கத்தைப் புரட்டினார். கடைசி வரி வரை வாசித்தார். ஒரு முறை என்னைப் பார்த்தார். புத்தகத்தை மூடி அவளிடமே கொடுத்தார்.

மறுநாள் முதல்வர் அறைக்கு எங்கள் இருவரையும் அழைத்தார்கள். "இந்தப் பக்கத்தை எழுதினது யாரு?" என்று முதல்வர் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். அப்போது என் வேலை நிரந்தரமாகவில்லை. வீட்டில் என் சம்பளம் மட்டும்தான்.

"என் பொறுப்பு மேடம். தொகுத்தது நான்தானே" என்றார் அக்கா.

அவருக்கு மெமோ வந்தது. பத்து ஆண்டுகளாக அவர் பார்த்துக்கொண்ட விடுதிப் பொறுப்பை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால்கூட அதன்பின் அவர் அனுமதி கேட்டுத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. அன்று வராந்தாவில் நான் அழுதுகொண்டு, "ஏங்க்கா இப்படிச் செஞ்சீங்க?" என்றேன்.

"உங்களுக்கு வேலை போயிடும், எனக்குப் போகாது. அவ்வளவுதான். ஆனா எனக்குக் கோபம் இருக்கு வைதேகி. பத்து நாள் உங்ககிட்ட பேச மாட்டேன்."

சொன்னபடி பேசவில்லை. பதினோராம் நாள் தன் டிபன் டப்பாவைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "சாப்பிட்டுட்டு வாங்க. எல்லா புக்லயும் அந்த ரெண்டு வரியை எழுதணும்." விடுதியில் அறை அறையாகப் போய், ஒவ்வொரு பிரதியிலும் பேனாவால் எழுதினோம். கதவருகே நின்று அனுமதி வாங்கிவிட்டுத்தான் அவர் உள்ளே வந்தார்.

இது நடந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு மாதத்துக்கு முன்பு அவரைப் பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லிடட்டுமாக்கா?" என்று கேட்டேன். "எனக்காகச் சொல்ல வேண்டாம். உங்களால வச்சிக்கிட்டு இருக்க முடியலைன்னா சொல்லுங்க. அந்தப் பிள்ளைங்க பேர் மட்டும் வேண்டாம். குடும்பமா இருக்குங்க" என்றார்.

பேர் சொல்லவில்லை. என்னால் வைத்துக்கொண்டு இருக்கவும் முடியவில்லை. அந்தப் பக்கத்தை எழுதியவள் நான். அவர் எழுதியதை வெட்டியவளும் நான். அவர் தலைகுனிந்து நின்றதைப் பார்த்து 'ஜமீலாவா இப்படிக் கவனமில்லாமல்?' என்று வியந்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். அந்த வியப்பு நியாயமானது.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவருடைய பயத்தை. 'ஊருக்குப் புதுசா?' புத்தகத்தின் இந்த ஆண்டுப் பதிப்பில் கல்லணையைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். போன வாரம் தனியாகப் போனேன். டீக்கடைக்கார அம்மாவிடம், "ஒரு பொண்ணு இங்க தனியா வந்தா எப்படிங்க?" என்று கேட்டேன். எந்தப் படியில் பாசி, எத்தனை மணிக்கு மேல் பஸ் நிச்சயமில்லை, எந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் இருக்காது என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. கல்லணையின் அழகைப் பற்றி எழுத இடமில்லை. அதைப் பிள்ளைகள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.